‘முடியாது’ என்றால் எழுதிக் கொடுங்கள்!

மாற்றுத்திறனாளி உதவித்தொகை மறுக்கப்பட்டவர்கள் கேட்டு வாங்க வேண்டிய முதல் தாள்

“உங்களுக்கு வராதும்மா.”

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகைக் கோரிக்கைகளில் எத்தனையோ இந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துபோகின்றன. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். ஏன் என்று கேட்டால், “பர்சன்டேஜ் பத்தாது”, “பையன் சம்பாதிக்கிறான்ல”, “ஃபண்டு வரல, வந்தா சொல்றோம்”, “கார்டு பழசு, புதுசு எடுத்துட்டு வாங்க” என்று ஏதாவது ஒரு பதில் வரும். அந்தப் பதில் சரியாகவேகூட இருக்கலாம். ஆனால், அது தாளில் இல்லை. நடக்க முடியாத மகளைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வந்த தாய் வெறுங்கையோடு திரும்புகிறார். ஒரு வருடம் கழித்து யாராவது விசாரித்தால், “நாங்க யாருக்கும் மறுக்கலையே, அவங்க மறுபடி வரவே இல்லையே” என்று அதே அலுவலகம் சொல்லிவிடலாம். அதைப் பொய் என்று நிரூபிக்க அந்தத் தாயிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிராக இல்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. மாநில ஆணையர் இருக்கிறார். இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றம் இருக்கிறது. இவற்றில் எந்தப் படி ஏறினாலும் முதலில் கேட்கப்படுவது, “மறுத்த ஆணை எங்கே?” என்பதுதான். வாய்ச்சொல்லை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. அதனால் தொகையை வாங்குவதற்கு முன்னால் மறுப்பை வாங்க வேண்டும், எழுத்தில், காரணத்தோடு.

எந்தக் கதவு?

பலரும் எல்லாவற்றையும் ‘ஓ.ஏ.பி.’ (முதியோர் ஓய்வூதியம்) என்ற ஒரே பெயரில் சொல்கிறார்கள். உண்மையில் இரண்டு துறைகள் இரண்டு விதமான தொகைகளைத் தருகின்றன. ஒன்று, வருவாய்த் துறையின் ஓய்வூதியம். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் வழியாக வருவது. 2023 ஜனவரியில் இது 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. இன்னொன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. கடும் பாதிப்புள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள், முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கானது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக வரும் இந்தத் தொகை 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒருவர் இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும்.

இந்த அலுவலகத்தில் கேட்டால் அங்கே போ, அங்கே கேட்டால் இங்கே போ என்று அலைக்கழிக்கப்படும் குடும்பங்கள் ஏராளம். மனுவின் முதல் வரியிலேயே திட்டத்தின் முழுப் பெயரை எழுதிவிட்டால் இந்த அலைச்சலில் பாதி குறையும்.

மூன்று எண்களையும் தெரிந்துகொள்வது நல்லது. 40 சதவீதம் என்பது சட்டம் சலுகைகளுக்கு வைத்திருக்கும் அடிப்படை அளவு. 75 சதவீதம் என்பது கடும் பாதிப்புக்கான பராமரிப்புத் தொகைக்கு மாநிலம் போட்டிருக்கும் கோடு. 80 சதவீதம் என்பது வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கான அளவு. அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012-ல் வைத்த தொகை அது. ஒரு வாரத்துக்கு ஒரு நோயாளியின் டயப்பர் செலவுக்குக்கூட அது காணாது. ‘பர்சன்டேஜ் பத்தாது’ என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எந்தக் கோட்டுக்குப் பத்தவில்லை என்று உடனே கேளுங்கள். ஒரு திட்டத்தின் அளவை இன்னொரு திட்டத்துக்குச் சொல்லிவிடுவதும் நடக்கிறது.

சதவீதத்தின் மீது சண்டை

சான்றிதழே கிடைக்காதவர்கள், கிடைத்தும் சதவீதம் குறைவாகப் போடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மறுப்பின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இங்கே மட்டும் சட்டம் தாளைத் தெளிவாகவே கட்டாயமாக்கியிருக்கிறது. 2017-ம் ஆண்டின் மத்திய விதிகளில் VIII-ம் படிவம் என்று ஒன்று உண்டு. சான்றிதழ் தர முடியாது என்று மருத்துவக் குழு முடிவெடுத்தால், அதற்கான காரணத்தை அந்தப் படிவத்தில் எழுதி விண்ணப்பதாரருக்குத் தர வேண்டும். சட்டத்தின் 59-வது பிரிவு, சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மாநில அரசு குறித்திருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக உரிமை தருகிறது. அதற்குக் காலக்கெடு உண்டு. ஆகவே தாள் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைத்துக்கொண்டு, அந்த வாரமே வேலையைத் தொடங்க வேண்டும்.

சான்றிதழ் வழங்க 2017 விதிகளில் ஒரு மாதமாக இருந்த கெடு, 2024 அக்டோபர் திருத்தத்தில் மூன்று மாதமாக நீட்டப்பட்டது. கணினி வந்த பிறகு வேலை வேகமாக நடக்க வேண்டிய இடத்தில் கெடு நீண்டிருப்பதை ஏற்கவே முடியவில்லை.

மேல்முறையீட்டில் என்ன எழுதுவது? ‘நான் ஏழை, கருணை காட்டுங்கள்’ என்று எழுதினால் கருணை இருந்தால் மட்டுமே வேலை நடக்கும். மருத்துவக் குழு எதைக் கொண்டு அளந்ததோ அதே அளவுகோலை எடுத்துப் பேச வேண்டும். சதவீதம் என்பது டாக்டர் மனசுக்குப் பட்டதைப் போடும் எண் அல்ல. மத்திய அரசு அரசிதழில் வெளியிட்ட வழிகாட்டி உண்டு. 2018 ஜனவரியில் வந்தது ஒன்று, அதைத் திருத்தி 2024 மார்ச்சில் வந்தது இன்னொன்று. உங்களைப் பரிசோதித்த தேதியில் எது நடப்பிலிருந்ததோ அதை எடுத்துவையுங்கள். 2018 அட்டவணையில், முழங்காலுக்குக் கீழே 8 சென்டிமீட்டருக்குள் கால் எடுக்கப்பட்டிருந்தால் 70 சதவீதம். முழங்கால் மூட்டோடு எடுக்கப்பட்டிருந்தால் 75. தொடையின் கீழ்ப்பகுதியில் என்றால் 80. எலும்பு எந்த இடத்தில் வெட்டப்பட்டது என்று சான்றிதழில் ஒரு வரி தவறாக எழுதப்பட்டால், 75 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டியவர் அந்தப் பக்கம் போய்விடுவார். அறுவை செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியும் எக்ஸ்ரேவும் இங்கே பேசும்.

இரண்டு வகைக் குறைபாடுகள் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு சதவீதங்களையும் அப்படியே கூட்டிவிட மாட்டார்கள். பெரியதை ‘அ’ என்றும் சிறியதை ‘ஆ’ என்றும் வைத்துக்கொண்டால், 90-லிருந்து ‘அ’வைக் கழித்து, அதை ‘ஆ’வால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததை ‘அ’வோடு கூட்ட வேண்டும். காலில் 60 சதவீதம், கண்ணில் 50 சதவீதம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 90-ல் 60 போனால் 30. அதை 50-ஆல் பெருக்கினால் 1,500. 90-ஆல் வகுத்தால் 16.7. மொத்தம் 76.7. ஆனால், முகாமில் எலும்பு மருத்துவர் மட்டும் இருந்து, கண் மருத்துவர் அன்று வராமல் போய், காலுக்கு மட்டும் 60 போட்டு அனுப்பியிருந்தால்? அந்த அட்டையை வைத்துக்கொண்டு அவர் ஆயுளுக்கும் ‘பத்தாது’ என்ற பதிலையே கேட்டுக்கொண்டிருப்பார். கண்ணுக்கும் தனியாகப் பரிசோதனை வேண்டும், இரண்டையும் சேர்த்துச் சான்றிதழ் வேண்டும் என்று எழுதிக் கேட்பது அவருடைய உரிமை.

எல்லோரையும்விட அதிகம் ஏமாறுவது மனநோய் உள்ளவர்களின் குடும்பங்கள். மருத்துவக் குழுவின் முன்னால் போக வேண்டிய நாளில், அம்மா மகனைக் குளிக்கவைத்து, நல்ல சட்டை போட்டுவிட்டு, “டாக்டர் கேட்டா ஒழுங்கா பதில் சொல்லுடா கண்ணு” என்று சொல்லிக் கூட்டிப்போகிறார். அவனும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறான். சதவீதம் 40-க்குக் கீழே வந்துவிடுகிறது. மானத்தைக் காப்பாற்ற நினைத்த தாயின் மேல் குற்றமே இல்லை. அங்கே அளக்கப்படுவது எது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் குற்றம். மனநோய்க்கு ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என நான்கு பகுதிகளுக்கும் மதிப்பெண் உண்டு. நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. மொத்தம் 20. அதில் 7 வந்தால் 40 சதவீதக் கோட்டைத் தொட்டுவிடலாம். ஆகவே அன்று காலை அவன் எப்படி இருந்தான் என்பதைவிட, கடந்த இரண்டு வருடங்களில் எத்தனை மாதம் நோயோடு இருந்தான், யார் சொல்லி யார் குளிப்பாட்டினார்கள், எத்தனை வேலைகளிலிருந்து அனுப்பப்பட்டான் என்பதே முக்கியம். இவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டுகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதல் முறை கொடுக்காமல் போயிருந்தால், மேல்முறையீட்டில் கொடுக்கலாம்.

2016 சட்டம் வருவதற்கு முன்னால் மறுக்கப்பட்டவர்களும் திரும்ப முயல வேண்டும். 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. புதிய சட்டத்தில் 21. ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன், அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் அதன் பிறகுதான் பட்டியலுக்குள் வந்தார்கள்.

காரணம் சொல்லாத ஆணை

சான்றிதழ் கையில் இருந்தும் தொகை மறுக்கப்படுவது அடுத்த கட்டம். இங்கேதான் வாய்ச்சொல் ஆட்சி செய்கிறது. இ-சேவை வழியாகப் போட்டவர்களுக்கு விண்ணப்ப எண்ணாவது மிஞ்சுகிறது. ஆனால், ‘நிராகரிக்கப்பட்டது’ என்பதற்கு மேல் விளக்கம் இல்லையென்றால், அதை வைத்து என்ன செய்ய முடியும்? கிராம நிர்வாக அலுவலர் என்ன எழுதினார், வருவாய் ஆய்வாளர் என்ன பரிந்துரைத்தார் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமலே போகிறது.

காரணம் சொல்வது அதிகாரியின் பெருந்தன்மை அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) 2005-ன் 4(1)(டி) பிரிவு, நிர்வாக முடிவுகளால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த முடிவின் காரணங்களைத் தர வேண்டியது ஒவ்வொரு பொது அலுவலகத்தின் கடமை என்கிறது. ஆகவே, இப்படி ஒரு மனு எழுதுங்கள்:

‘இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள மனு மூலம் மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டிருந்தேன். எனக்குத் தகுதி இல்லை என்று இன்ன தேதியில் தங்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எந்த அரசாணையின் எந்த நிபந்தனையின்படி எனக்குத் தகுதி இல்லை, அந்த முடிவை எடுத்த அலுவலரின் பதவி என்ன, என் மனு மீதான கள விசாரணை அறிக்கையின் நகல், கோப்புக் குறிப்புகளின் நகல் ஆகியவற்றைத் தர வேண்டுகிறேன். இந்த முடிவை எதிர்த்து யாரிடம் முறையிட வேண்டும் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

இதை ஆர்.டி.ஐ. மனுவாகவே போட்டால் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்தச் சட்டத்திலேயே முதல் மேல்முறையீடு இருக்கிறது. நேரில் கொடுத்தால் நகலில் சீல், தேதி, கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள். “வச்சுட்டுப் போங்க, பார்க்கிறோம்” என்றால் தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவுக்கும் ரசீது எண் உண்டு. அந்த ரசீதை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கும் பெரியவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். மற்றவர்கள் சிரிக்கலாம். ஆனால், அவர்கள் செய்வதுதான் சரி.

எழுத்தில் காரணம் வந்துவிட்டால் என்ன நடக்கும்? அதிகாரி அந்தக் காரணத்தோடு கட்டுண்டுவிடுவார். பஞ்சாபின் ஃபிரோஸ்பூர் தொகுதித் தேர்தல் வழக்கில் 1977 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியல் சாசன அமர்வுக்காக நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய பகுதி இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. ஓர் ஆணையில் என்ன காரணம் எழுதப்பட்டிருக்கிறதோ அதை வைத்தே அதன் செல்லுபடியைப் பார்க்க வேண்டும், பின்னால் நீதிமன்றத்தில் புதிய காரணங்களைச் சேர்த்து அதற்கு முட்டுக்கொடுக்க முடியாது என்பது அதன் சாரம். ‘மகன் இருக்கிறான்’ என்று எழுதி மறுத்துவிட்டு, பிறகு ‘சதவீதம் குறைவு’ என்று மாற்றிப் பேச முடியாது. வாயால் சொல்லும்போது தினம் ஒரு காரணம் சொல்லலாம்; எழுதிவிட்டால் முடியாது. அலுவலகங்கள் எழுதித் தரத் தயங்குவதன் உள்ளர்த்தம் இதில் இருக்கிறது.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. பேச்சுக் குறைபாடு உள்ள ஒரு மாணவருக்கு மருத்துவப் படிப்பு மறுக்கப்பட்ட வழக்கு. நீதிபதிகள் பி.ஆர்.கவாய், அரவிந்த் குமார், கே.வி.விஸ்வநாதன் அமர்வு விசாரித்தது. பொள்ளாச்சிக்காரரான விஸ்வநாதன் எழுதிய அந்தத் தீர்ப்பு, சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று தள்ளிவிட முடியாது என்றது. மதிப்பீட்டுக் குழு எதிராக முடிவெடுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், அந்த முடிவை எதிர்த்துப் போக ஓர் அமைப்பும் வேண்டும் என்றது. அது படிப்பு தொடர்பான வழக்கு, உதவித்தொகை வழக்கு அல்ல. ஆனால், காரணம் சொல்லாமல் மாற்றுத்திறனாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற வாதத்துக்கு அதைத் தாராளமாக எடுத்துவைக்கலாம்.

எழுத்தில் வரும் மறுப்பு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே ‘பிப்’ என்ற உதவித்தொகை 2013-லிருந்து இருக்கிறது. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது என 12 செயல்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். 8 மதிப்பெண் வந்தால் அடிப்படைத் தொகை, 12 வந்தால் உயர் தொகை. மறுத்தால், எந்தச் செயலுக்கு எத்தனை மதிப்பெண், ஏன் என்று கடிதத்தில் வரும். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் மறுக்கப்பட்டால், ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மாற்றுத்திறன் பற்றி அனுபவமுள்ள ஒருவர் என மூவர் அமரும் தீர்ப்பாயத்துக்குக் கட்டணமில்லாமல் போகலாம். அந்த முறையிலும் கொடுமைகள் உண்டு, அங்குள்ள மாற்றுத்திறனாளிகள் அதை எதிர்த்து ஓயாமல் போராடுகிறார்கள். ஆனாலும், தீர்ப்பாயத்தில் விசாரிக்கப்பட்ட ‘பிப்’ வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை பல ஆண்டுகளாக விண்ணப்பதாரர் பக்கமே முடிந்திருக்கின்றன. அவர்கள் கையில் எதிர்த்துப் பேச ஒரு கடிதம் இருந்தது.

‘ஃபண்டு இல்லை’

இது மறுப்பாகவே கணக்கில் வராத மறுப்பு. தகுதி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது, பணம் மட்டும் வருவதில்லை. இறந்தவர்களின் பெயர் நீங்கினால்தான் அடுத்தவருக்கு இடம் என்று சொல்லி அனுப்பும் வழக்கத்தை எந்த நாகரிகச் சமூகமும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிச் சொன்னால், பட்டியலில் என் வரிசை எண் என்ன, என் பெயர் எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டது, அதன் பிறகு விண்ணப்பித்தவர்கள் யாருக்காவது தொகை தரப்பட்டதா என்று எழுதிக் கேளுங்கள். மானியத் திட்டங்களில் பயன்பெறுகிறவர்களின் விவரத்தை அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்பதும் அதே ஆர்.டி.ஐ. சட்டத்தின் 4-வது பிரிவில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 24-வது பிரிவு, அவர்களுக்கான உதவித்தொகை மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குக் கிடைப்பது பூஜ்யம். பூஜ்யத்தில் 25 சதவீதம் கூட்டினாலும் பூஜ்யம்தான்.

வந்துகொண்டிருந்த தொகை திடீரென்று நின்றவர்களின் நிலை வேறு. ஒருவருக்குக் கிடைத்துவரும் பலனை நிறுத்துவதற்கு முன் நோட்டீஸ் தந்து விளக்கம் கேட்பது இயற்கை நீதி. வங்கிக் கணக்கில் பணம் வராதபோதுதான் விஷயமே தெரிகிறது என்றால், அந்த நிறுத்தம் அந்த ஒரு காரணத்தாலேயே கேள்விக்குரியது. மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 2024-ல் 6,000 ரூபாயாக உயர்த்திய ஆந்திரத்தில், அடுத்த ஆண்டே சான்றிதழ்களை மறுபரிசோதனை செய்து பலருக்குத் தகுதி நீக்க நோட்டீஸ் அனுப்பினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மேல்முறையீடு செய்யும் வாய்ப்பு தரப்பட்டது. தொகை உயரும்போது வடிகட்டலும் இறுகும். நாளை தமிழ்நாட்டிலும் அது நடக்கலாம்.

அடுத்த படிகள்

மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் என்பது வெறும் துறைத் தலைவர் பதவி அல்ல. உரிமை பறிக்கப்பட்டதாக வரும் புகாரை விசாரிக்கும்போது, அதிகாரியை வரவழைக்கவும் கோப்பைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்தைச் சட்டத்தின் 82-வது பிரிவு அவருக்குத் தருகிறது. அவர் தருவது பரிந்துரைதான். ஆனால், 81-வது பிரிவின்படி, அந்தப் பரிந்துரையைப் பெற்ற அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். இங்கேயும் சட்டம் கேட்பது காரணத்தைத்தான்.

உயர் நீதிமன்றம் என்றாலே செலவுக்குப் பயந்து பின்வாங்குகிறார்கள். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்தின் 12-வது பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். ‘என் மனு மீது காரணத்தோடு ஆணை பிறப்பிக்க இந்த அதிகாரிக்கு உத்தரவிடுங்கள்’ என்று மட்டும் கேட்கும் எளிய ரிட் மனுவைக்கூடப் போடலாம். ஜெயித்தால், மனு கொடுத்த தேதியிலிருந்து நிலுவையும் சேர்த்துக் கேளுங்கள். சீல் வாங்கிய நகல் அப்போதும் வேலைக்கு வரும்.

இவ்வளவையும் ஒரு மாற்றுத்திறனாளியும், அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆளும் சேர்ந்து செய்ய வேண்டியிருப்பது நியாயமே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். 21 வகைகள் பட்டியலுக்குள் வருவதற்கு முந்தைய கணக்கு அது. இவர்களில் எத்தனை பேரால் ஆர்.டி.ஐ. போட முடியும்? தொகையை உயர்த்தக் கேட்டு மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சாலையில் உட்கார்ந்து போராடுகின்றன. அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இடம்பெற வேண்டும். சான்றிதழுக்கு VIII-ம் படிவம் இருப்பதுபோல, உதவித்தொகை மறுப்புக்கும் ஒரு பக்கத்தில் கட்டாயப் படிவம் வேண்டும். எந்த நிபந்தனை பொருந்தவில்லை, எந்த ஆவணத்தைப் பார்த்து அப்படி முடிவெடுத்தார்கள், இதை எதிர்த்து யாரிடம் எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்ற மூன்றும் தமிழில், அலுவலரின் கையெழுத்தோடு அதில் இருக்க வேண்டும். பார்வையற்றவருக்கு அதைப் படித்துக்காட்ட வேண்டும், அல்லது பிரெய்லில் தர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வருவாய்த் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் ஆளுக்கொரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.